பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன்

தாராவி, தொண்ணூறு அடி ரோடு
9 நவம்பர் 2025

மகள் விஜயராணிக்கு,

அப்பா பிச்சையா சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதும் கடிதம் இது. இங்கே நானும் அவளும் நன்றாக இருக்கிறோம். தண்ணீர்க் குழாயும் நன்றாக இருக்கிறது, காலையில் இருபது நிமிடம் மட்டும். நீ அந்த டேராடூன் குளிரில் எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது உன் அம்மா. நான் கேட்கவில்லை.

போன மாதம் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, சாயங்காலம். நீ மாதுங்கா பேங்க் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாய். பச்சைத் துப்பட்டா. பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு இருந்தது. ஐஸில் ஹாக்கி விளையாடப் போகிறேன், புதிதாக லீக் ஆரம்பிக்கிறார்கள், கோல் காக்க என்னை எடுத்துவிட்டார்கள் என்றாய். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சுடலைமாடன் அறிய இனிமே ஒங்கூடப் பேசமாட்டேன்" என்றேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு எழுதத் தெரியாது. அதனால் அப்படி ஒன்றைச் சொல்ல அன்றைக்குத் தோன்றவில்லை.

நம் வரிசையில் தையல் மிஷின் போட்டிருக்கும் கரீம் பாட்சா, "அண்ணாச்சி, லெட்டர் எதுக்கு? போன்ல வாய்ஸ் அனுப்பிருவோம்" என்றார். வாய்ஸ் என்றால் பேச்சு. ஆகாது என்றேன்.

முப்பத்தொரு வருஷம் மீன் துறைமுகத்தில் ஐஸ் பார் சுமந்தேன். முதுகில் சாக்கு, சாக்குக்கு மேலே ஐஸ். சட்டை காய்ந்து பார்த்ததில்லை. என் வீட்டில் ஒருத்தியாவது நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும் என்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன். நீ நாற்காலியை உதறிவிட்டு அதே ஐஸில் போய் நிற்கிறாய். எதிர்வீட்டுப் பூமாரி, "பொண்ணு எங்க மாமா?" என்று கேட்டாள். "ஐஸ் வேலை" என்றேன். "குல்ஃபி வண்டியா?" என்கிறாள். இதையும் கேட்க வைத்துவிட்டாய்.

இப்படிக்கு,
பிச்சையா (பெருவிரல் வைத்திருக்கிறேன்)

(இது அம்மா. திட்டு ஆறு சொன்னார், இரண்டுதான் எழுதினேன். கை வலிக்கிறது. நேற்று போனில் நீ சொன்ன கம்பளிச் சாக்ஸ் அனுப்பிவிட்டேன்.)


டேராடூன்
19 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பெருவிரலை ஐந்து தரம் பார்த்தேன். முனிசிபல் பள்ளியில் படித்த தமிழை வைத்து எழுதுகிறேன், பிழை இருந்தால் அம்மா வாசிக்கும்போதே திருத்திக்கொள்வாள்.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இந்த நாட்டில் ஐஸ் ஹாக்கிக்கு லீக் நடப்பது இதுதான் முதல் தரம். ஆறு அணிகள். லே, கார்கில், சிம்லா, டேராடூன், டெல்லி, நாங்கள். டெல்லியைத் தவிர எல்லாரும் மலைக்காரர்கள், நாங்கள் மட்டும் கடற்கரை. எங்கள் அணிக்கு மும்பை ஃப்ளெமிங்கோஸ் என்று பேர், ஐரோலிக் கழிமுகத்துக்கு வருகிற அந்தப் பூநாரைதான். சட்டையும் அதே ரோஸ் நிறம். எங்களில் பாதிப் பேர் செம்பூரில் சிமென்ட் தரையில் சக்கர ஸ்கேட்டிங் பழகியவர்கள். ஐஸில் காலை வைத்ததும் வரிசையாக உட்கார்ந்தோம்.

இங்கே பந்து கிடையாது. பக் என்று ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. அதைத் தடுப்பது என் வேலை. முதல் சுற்று எல்லாருக்கும் இங்கே டேராடூனில்தான், முதல் ஆட்டம் கார்கிலோடு. ஏழு கோல் வாங்கினேன். நாற்பத்தொன்றைத் தடுத்தேன், அதை யாரும் சொல்வதில்லை. எங்கள் அணியில் சைனப் என்று ஒருத்தி, கார்கில் பக்கத்துப் பெண், எனக்கு முன்னால் நின்று காப்பவள். நாலாவது கோல் விழுந்ததும் திரும்பிப் பார்த்து, "விஜ்ஜு, தர்வாஜா பந்த் கர், டண்ட் லக் ரஹீ ஹை" என்றாள். கதவைச் சாத்து, குளிருது என்று. தோற்றுக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது.

பூமாரி அக்காவிடம் குல்ஃபி இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
விஜயராணி


தாராவி
30 நவம்பர் 2025

விஜயராணிக்கு,

கடிதம் வந்தது. ஏழு கோல் என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த ஆட்டம் சிம்லாவோடு ஐந்து, அதற்கடுத்தது டெல்லியோடு நான்கு. நான் பார்க்கவில்லை. கரீம் பாட்சா தையல் மிஷின்மேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்க்கிறார். நான் காற்றுக்காக அந்தப் பக்கம் உட்கார்கிறேன். அவர்தான் "அண்ணாச்சி, ஒங்க பொண்ணு பக்கத் தட்டிட்டா" என்று கூப்பாடு போடுகிறார். பக் இந்தப் பக்கம் வருகிறதா அந்தப் பக்கம் போகிறதா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. உன் கால் கட்டை மட்டும் தெரிந்தது. மெத்தையைக் கிழித்துக் கட்டினதுபோல.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஐஸ் சரியில்லை. பல்பொடி மாதிரி வெளுத்திருக்கிறது. நல்ல ஐஸ் கண்ணாடியாக இருக்கும், அந்தப் பக்கத்து ஆளின் முகம் இந்தப் பக்கம் தெரியும். வெள்ளை ஓடினால் அது காற்றைக் குடித்த ஐஸ். சட்டென்று விரியும். 1988இல் அப்படி ஒரு லோடு வந்து, சூரை மீன் ஏற்றிய லாரி பன்வேல் தாண்டுவதற்குள் நாறிப்போனது. உங்களை யாரோ ஏமாற்றுகிறார்கள். பெரியவர்கள் யாரும் இல்லையா அங்கே கேட்பதற்கு?

இப்படிக்கு,
பிச்சையா

(அம்மா: காற்றுக்காக உட்கார்கிறாராம். டெல்லி ஆட்டத்தன்று மத்தியானச் சோற்றைத் தையல் கடைக்கே கொண்டுவரச் சொன்னார்.)


லே
17 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வெள்ளை ஐஸ் விஷயத்தை அணியில் எல்லாருக்கும் சொன்னேன். அது காற்று இல்லை அப்பா, பெயின்ட். கறுப்பு வட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அடியில் வெள்ளை அடித்து, அதற்குமேல் தண்ணீர் விட்டு உறைய வைக்கிறார்கள். ஐஸுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களா என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது.

ஆனால் லேயில் நீங்கள் சொன்ன ஐஸ்தான். திறந்த மைதானம், சுற்றிலும் மொட்டை மலை. பொழுது சாய்ந்ததும் குழாயில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டுப் போய்விடுகிறார்கள், குளிரே மீதி வேலையைச் செய்துவிடுகிறது. பெயின்ட் இல்லை. குனிந்து பார்த்தால் அடியில் கூழாங்கல் தெரிகிறது. மூச்சு விட்டால் ஹெல்மெட் கம்பியில் உறைந்துவிடுகிறது. இங்கே நாங்கள் டேராடூனை மூன்றுக்கு இரண்டில் ஜெயித்தோம். முதல் வெற்றி! ஜெயித்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மா, அடுத்த வரியை அப்பாவுக்குப் படிக்காதே. இடது கைச் சுண்டுவிரலில் விரிசல். டேப் சுற்றி ஆடிக்கொண்டிருக்கிறேன், மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

அப்பா, இனி நீங்கள் கேட்கலாம். ஜனவரியில் எல்லா அணிகளும் மும்பைக்கு வருகின்றன. ஐரோலியில் பழைய கோடவுன் ஒன்றை ஐஸ் அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள். பதினோராம் தேதி ஞாயிறு சாயங்காலம் லே அணியோடு ஆட்டம். உங்கள் பேருக்கும் அம்மா பேருக்கும் டிக்கெட் எடுத்துவைக்கிறேன். வந்து பேசக்கூட வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.

உங்கள் மகள்,
விஜயராணி


தாராவி
28 டிசம்பர் 2025

விஜயராணிக்கு,

நீயும் உன் அம்மாவும் சேர்ந்து எழுத்தறியாதவனை ஏமாற்றப் பார்த்தீர்கள். அவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள், இருமினாள், பிறகு "அப்பா, இனி நீங்கள் கேட்கலாம்" என்று சத்தமாகப் படித்தாள். இனி கேட்கலாம் என்றால் இதற்கு முன்னால் கேட்கக் கூடாதது ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? "என்னட்டி விட்ட?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சளி" என்றாள். "சளி ஒனக்கா கடுதாசிக்கா?" என்றேன். பிறகு சொல்லிவிட்டாள்.

விரல் உடைந்தவள் விளையாடுவது எந்த ஊர் நியாயம்? ஐஸ் வை. சிரிக்காதே, துணியில் சுற்றி வை, நேராக வைத்தால் தோல் உரிந்துவிடும்.

ஐரோலிக்கு நான் வரமாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு சங்கடப்படாதே. சயானில் ஏறி தாணேயில் இறங்கி, பத்தாம் நம்பர் பிளாட்பாரத்தில் வாஷி வண்டி பிடித்தால் ஐரோலி இரண்டாவதா மூன்றாவதா ஸ்டேஷனாம். இது கரீம் பாட்சா கேட்டார், நான் விசாரித்தேன்.

அடி பெண்ணே, கூழாங்கல் தெரிகிற ஐஸ் என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் அம்மாவை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன்.

இப்படிக்கு,
பிச்சையா


ஐரோலி, வீராங்கனைகள் விடுதி
12 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

இருபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஸ்பீட் போஸ்டில் எழுதுகிறேன். சைனப் பார்த்துவிட்டு, "தும் லோக் பாகல் ஹோ" என்கிறாள். உங்களுக்கெல்லாம் பைத்தியம் என்று. நியாயமாகத்தான் சொல்கிறாள்.

நேற்று நீங்கள் வரவில்லை என்றுதான் நினைத்தேன். அம்மா மட்டும் மூன்றாவது வரிசையில், ரோஸ் சேலை கட்டி, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்து இடம் காலி. சரி என்று ஆட்டத்தைப் பார்த்தேன்.

கடைசி இரண்டு நிமிடம். நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று. லேக்காரி ஒருத்தி கோலுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வருகிறாள். எனக்கு முன்னால் ஒரே கூட்டம், யார் கால் யாருடையது என்று தெரியவில்லை. வட்டு எங்கே என்று தேடுகிறேன். அப்போது அந்தக் கோடவுன் தகரம் அதிரும்படி ஒரு சத்தம்.

"ஏட்டி! முதுகுக்குப் பின்னாலட்டி! இடப்பக்கம்!"

நான் யோசிக்கவில்லை. இடது காலை நீட்டிவிட்டேன். வட்டு கால் கட்டையில் மோதி விழுந்தது, ஆட்டம் முடிந்த மணியும் அடித்தது. ஜெயித்துவிட்டோம் அப்பா.

ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் நீங்கள் இல்லை. வாசல் பக்கத் தூணுக்குப் பின்னாலேயே ஆட்டம் முழுக்க நின்றீர்களாம், அம்மா சொன்னாள். நான் வெளியே வருவதற்குள் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டீர்களாம். அப்படி என்ன ஓட்டம்? எனக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது அணியில் யாரும் என்னை விஜ்ஜு என்று கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் நான் ஏட்டி. கார்கில்காரி வாயில் அந்தச் சொல் வருவதைக் கேட்க வேண்டும் நீங்கள். கோச் அதைப் பின்பக்கம் ஆபத்து என்பதற்குச் சங்கேத வார்த்தையாகவே வைத்துவிட்டார்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுதுங்கள். அது பேச்சுதானே?

உங்கள் மகள்,
விஜயராணி


தாராவி
15 ஜனவரி 2026

விஜயராணிக்கு,

அது பேச்சு இல்லை.

நீ கேட்பாய் என்று தெரிந்து திங்கட்கிழமையே நம் சுடலைமாடன் கோயில் பூசாரியிடம் கேட்டுவிட்டேன். "சாமி, கத்துனா பேச்சா?" என்றேன். "எம்புட்டுத் தூரத்துல இருந்து?" என்றார். "முப்பது அடி இருக்கும்." "அப்பம் அது கூப்பாடு. கூப்பாடு பேச்சுல சேராது. எதுக்கும் ஒரு தேங்காய ஒடச்சிருவோம்" என்றார். உடைத்தாயிற்று. கரீம் பாட்சாவும், "பேரச் சொல்லலைல்லா அண்ணாச்சி? ஏட்டின்னா எந்தப் பொண்ணும் திரும்பலாம்" என்கிறார். இரண்டு மதத்திலும் தீர்ப்பு ஒன்றுதான்.

உன் அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குச் சட்டம் தெரியாது.

நான் ஏன் நிற்கவில்லை என்று கேட்டாய். நின்றிருந்தால் நீ முன்னால் வந்து நிற்பாய். நின்றால் எனக்கு வாய் வந்துவிடும். அதனால் கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். அந்தக் கண்ணாடித் தட்டியில் கதவு மாதிரி ஒரு இடம் திறந்திருந்தது. குனிந்து ஐஸில் கை வைத்தேன். வாட்ச்மேன் வந்து, "சாச்சா, ஹாத் மத் லகாவ்" என்று கை வைக்கவிடாமல் தடுத்தார். "அரே பாய், யே மேரா புரானா ஆத்மி ஹை" என்றேன், இது எனக்குப் பழைய ஆள் என்று. சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பெயின்ட் அடித்தாலும் ஐஸ் நல்ல ஐஸ்தான். கெட்டியாக இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் அது என்மேல் இருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். நம் வீட்டு ஆள் அதன்மேல் நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

விரல் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
பிச்சையா

(அம்மா: தேங்காய்ச் சில்லைச் சட்னி அரைத்துவிட்டேன்.)


ஐரோலி
3 பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

சீசன் முடிந்தது. கோப்பை கார்கிலுக்கு. நாங்கள் ஆறில் நாலாவது. எல்லாரும் எங்களைக் கடைசி என்று எழுதிவைத்திருந்தார்கள், அதனால் நாலாவது வந்ததற்கு நாங்கள் போட்ட கூத்தைப் பார்த்துக் கார்கில்காரிகளே குழம்பிவிட்டார்கள். சைனப் நேற்று ஊருக்குப் போய்விட்டாள். ரயில் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி "ஏட்டி!" என்று கத்தினாள். பிளாட்பாரத்தில் நாலு தமிழ்ப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரீம் மாமா சொன்னது சரிதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த சீசனுக்கு என்னை வைத்துக்கொள்கிறார்கள். பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அதே வாரத்தில் பேங்க் மேனேஜர் அம்மாவும் போன் செய்தார். என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். வருவதானால் வா, இந்த மாதக் கடைசி வரை பார்க்கிறேன் என்றார். நல்ல மனுஷி.

இரண்டு காகிதமும் பையில் இருக்கின்றன. எதிலும் கை வைக்கவில்லை.

அப்பா, அக்டோபரிலிருந்து நாலு மாதம். பெருவிரலை எத்தனை நாள் பார்ப்பது? நான் கோபித்துக்கொண்டு எழுதவில்லை, கேட்டு எழுதுகிறேன். போகாதே என்றாலும் சரி, போ என்றாலும் சரி. அதை உங்கள் வாயால், என் முகத்தைப் பார்த்து ஒரு தரம் சொல்லுங்கள். அதுவரை நான் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். இது சுடலைமாடன் அறிய இல்லை. சும்மா நானாகச் சொல்கிறேன். ஆனாலும் நான் உங்கள் மகள், சொன்னால் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

விஜயராணி


தாராவி, நம் வீடு, அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில்
8 பிப்ரவரி 2026

விஜயராணிக்கு,

நீ வெள்ளிக்கிழமை வந்தாய். இன்றைக்கு ஞாயிறு. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று பேர் மூன்று நாளாக இருக்கிறோம். "அவளுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று நான் உன் அம்மாவிடம் சொல்வதும், "வேணும்னு சொல்லும்மா" என்று நீ அவளிடம் சொல்வதுமாக அவளுக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீ கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் சொல்வது உன் காதில் விழலாம். அது உன் காதின் பாடு. நான் உன் அம்மாவிடம் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

எழுதிக்கோ. 2022ஆம் வருஷம் ஜூன் பதின்மூன்று, திங்கட்கிழமை. பேங்கில் உன் முதல் நாள். தூறல். நீ சயான் ஸ்டேஷனுக்கு நடந்தாய், நான் பின்னாலேயே வந்தேன். உனக்குத் தெரியாது. மாதுங்காவில் இறங்கி, பேங்குக்கு எதிரே பூக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றேன். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. உனக்கு ஒரு நாற்காலி காட்டினார்கள். நீ உட்கார்ந்தாய். இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் காலால் உந்தி ஒரு சுற்றுச் சுற்றினாய். முழுச் சுற்று. பூக்காரி, "காய் ஜாலா பாபா?" என்றாள். என்ன ஆச்சு என்று கேட்கிறாள். கண்ணில் மழை விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

எழுதிக்கோ. அதற்குப் பிறகு மூன்று வருஷத்தில் ஐந்து தரம் போய்ப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு தரம். கணபதி ஊர்வலத்தன்று ஒரு தரம். ஐந்து தரத்தில் ஒரு தரம்கூட நீ சுற்றவில்லை. தலை குனிந்தே இருந்தது. வேலை அதிகம்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் சொல்லவில்லை.

எழுதிக்கோ. ஐரோலியில் அந்தக் கடைசி வட்டைத் தட்டிவிட்டாயே, உன் கூட்டுக்காரிகள் எல்லாம் ஓடி வருவதற்கு முன்னால் ஒரு நொடி. நீ தனியாக நின்றாய். இந்தப் பக்கம் பார்த்தாய், அந்தப் பக்கம் பார்த்தாய். அந்த மெத்தைக் காலோடு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாய்.

ராணி, இது அம்மா. மேலே உள்ள வரியோடு நான் அப்பா சொல்வதை எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. பேனா ஓடுகிறதா என்று மட்டும்தான் அவர் எப்போதும் பார்ப்பார், என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. இப்போது பேனாவையும் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு விஷயத்துக்கும் "எழுதிக்கோ" என்று ஆரம்பிப்பவர், அந்தச் சொல்லை விட்டு வெகுநேரம் ஆகிவிட்டது.

நீ போனில் எதையோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு மூக்கை உறிஞ்சுகிறாய். நிமிர்ந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது உனக்கு. எனக்கும்தான் இருந்தது. ஆனால் இந்த மனுஷர் இப்போது "கையெழுத்துப் போடுட்டி" என்று இரண்டாம் தரம் சொல்லிவிட்டார். மூன்றாம் தரம் சொல்ல வைத்தால் கோபம் வந்து, மறுபடியும் ஏதாவது சாமி பேரைச் சொல்லிவிடுவார், நான் இன்னொரு வருஷம் எழுத வேண்டியிருக்கும்.

இந்தக் காகிதத்தை உன் மடியில் போடப் போகிறேன். பதில் எழுதாதே. நிமிர்ந்து சொல்.

அம்மா